தப்பாகச் சொல்கிறேன், திருத்து

என் மகனுக்குக் கார் பைத்தியம். ஜப்பான்காரன் வேகத்துக்கென்றே செய்த பழைய கார்கள்மேல்தான் அவனுக்குக் கிறுக்கு. எங்கள் தங்கவயல் பக்கம் அப்படி ஒரு கார் வழி தவறிக்கூட வந்ததில்லை. பெங்களூரில் அந்த வண்டிகளைப் பிரித்து மாட்டும் ஒரு கேரேஜில் அவனுக்கு வேலை. விடியுமுன் ரயிலேறிப் போவான், இருட்டிய பின் கிரீஸ் வாடையோடு வருவான். சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடுவான். அவன் பேச்சில் எந்தக் காருக்கும் பெயரே இருக்காது. எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். கேட்டால் சேஸிஸ் கோட், கம்பெனி வண்டிக்குப் போடும் அடையாளம் என்பான்.

அந்தப் பேச்சு என் காதில் ஏறாத ஆரம்ப நாட்களில், அதனால் நான் ஒருமுறை ஊர் சிரிக்க நின்றேன். அவன் நண்பனுக்கு அனுப்பியிருந்த செய்தி ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது. ‘நாளைக்கு இ.கே.9 பாக்கப் போறேன்டா. நெனச்சா தூக்கமே வரல.’ சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தால் வேறென்ன தோன்றும்? எங்கள் வீடுகளின் விலாசமே அப்படித்தானே. பையன் எவளையோ பார்த்துவிட்டான், அவள் வீட்டு நம்பர்தான் இது என்று முடிவுகட்டி, எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன்களில் கதவு கதவாகத் தட்டி இ.கே. ஒன்பது எங்கே என்று விசாரித்தேன். வெயிலில் அலைந்து திரும்பி அவனைப் பிடித்து உலுக்கியபோது தரையில் உருண்டு சிரித்தான்.

“அய்யோ, அது பொண்ணு இல்லமா, வண்டி! இ.கே.ன்னா பாடி. ஒம்போதுன்னா அதுலயே டாப்பு. நாலுன்னு ஒண்ணு கீது, அது வேற.”

“ரெண்டும் பாக்க ஒரே மாரிதானடா இருக்கும்?”

“ஒரே பேர்ல பத்து வண்டி வரும்மா. கோட் பாத்தாத்தான் எது எதுன்னு தெரியும்.”

அதற்குப் பிறகு நானும் அவன் பேச்சில் மூக்கை நுழைப்பேன், உளறுவேன். தப்பு அவன் காதில் விழவே கூடாது. வாயில் சோறு இருந்தாலும் விழுங்காமல் கையை ஆட்டித் திருத்துவான். ஒழுங்காகத் தின்னுடா என்று தலையில் குட்டுவேன்.

போன மழைக்காலத்தில் பங்காருபேட்டை ரோட்டில் அவன் பைக் சறுக்கியது. தலையில் அடி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வந்தான் என்றா சொல்வது, தூக்கிக்கொண்டு வந்தோம். கண் திறந்திருக்கிறது, ஆனால் யாரையும் பார்ப்பதில்லை. மூக்கில் குழாய் வழியாகத்தான் கஞ்சி. அவனிடம் பேசிக்கொண்டே இருங்கள், எது அவனுக்கு உயிரோ அதைப் பேசுங்கள் என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். வருவானா என்று கேட்டேன். பேசுங்கள் என்று மறுபடி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்கு என்ன பேசத் தெரியும்? அண்டை வீட்டுச் சண்டையைச் சொன்னேன், தண்ணீர் வராததைச் சொன்னேன், அவன் சின்ன வயதில் செய்த அட்டகாசங்களைச் சொல்லி அழுதேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், கீழே போகும் காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். உயிரோடு இருப்பவன் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுவான். பதில் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. நானும் தட்டுவது என்று முடிவு செய்தேன். தப்பைக் கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாதே. அவன் காதருகே தப்புத் தப்பாகக் கோட் சொன்னால் திருத்த வந்துதானே ஆகவேண்டும்!

ஆனால் தப்பாகச் சொல்வதற்கும் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அவனோடு வேலை செய்யும் நண்பன் ஒருவன் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஞாயிறுதோறும் பார்க்க வருவான். அவனைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“இன்னாத்துக்குமா உங்களுக்கு இதெல்லாம்?”

“கேக்காத. சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தான். ஏ.இ.86 என்றால் ஏ என்பது இன்ஜின் வகை, இ என்பது எந்தக் குடும்பத்து வண்டி என்பது, எட்டு அதன் தலைமுறை, ஆறு அந்தத் தலைமுறையில் அது எந்தப் பிள்ளை என்பது. இன்னொரு கம்பெனியின் பி.என்.ஆர்.34-ல் பி இன்ஜின், என் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும், ஆர் குடும்பம், முப்பத்து நான்கு தலைமுறை. அவன் மறந்ததை என் மகன் எழுதிவைத்திருந்த நோட்டில் பார்த்துக்கொண்டேன். ஜாதகம் மாதிரி இருந்தது. முதலில் தலை சுற்றியது. பிறகு பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது.

தினமும் அவன் உடம்பைத் துடைத்துக்கொண்டே சொல்வேன். “ஏ.இ.86-ல எட்டுன்னா இன்ஜின்தானடா கண்ணு?” உதட்டைப் பார்ப்பேன். “இ.கே. நாலுதான டாப்பு?” விரலைப் பார்ப்பேன். ஒருநாள் தொண்டை அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். எச்சில் அடைத்திருந்தது, அவ்வளவுதான். உறிஞ்சி எடுத்தோம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். “வாயத் தொறந்து தப்புன்னு ஒரு வார்த்த சொல்லேன்டா, பாவி!” அவர்தான் என் கையைப் பிரித்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே குசுகுசுத்தார்கள், அவளுக்கும் மூளை கலங்கிவிட்டது என்று. என் காதுபடத்தான் பேசினார்கள். கலங்கினால் உங்களுக்கு என்ன என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

மாசி வந்தது, வெயிலும் வந்தது. படுத்துப் படுத்து முதுகில் புண் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவனைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு போயிற்று. அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனை நானே சுரங்கத்துக்குள் மூடிவிட்டு மேலே வந்துவிட்ட மாதிரி என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தான். அவனும் இவனிடம் பேச வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருந்ததால், கேரேஜுக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “மச்சான், ஒரே பேர்ல ஏழு, எட்டு, ஒம்போதுன்னு மூணு மாடல் உட்டான் இல்ல, அதுல எட்டு வந்துச்சுடா. மூணுக்கும் மூணு கோட், எனக்கு எப்பவும் கொழப்பந்தான்.”

நான் மூலையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். “மூணுக்கும் ஒண்ணுதான்டா. சி.டி.9.ஏ.”

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். நண்பன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். “ஆமாமா, கரெக்டு. அப்படியே இவன் சொல்ற மாரியே சொல்றீங்கமா,” என்றான். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

என் மகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நன்றாக இருந்த காலத்தில், சீண்டுவதற்காக நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் ஒருநாளும் திருத்தியதில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டு, சும்மா இருமா என்று சாப்பிடப் போய்விடுவான். நிஜமாகவே தெரியாமல் உளறினால்தான் அவனுக்குப் பொறுக்காது. இத்தனை மாதமாக நான் அவன் காதில் போட்டதெல்லாம் நடிப்பு. இப்போது எல்லாவற்றையும் வேறு கற்றுத் தொலைத்துவிட்டேன். அவனை இழுக்க என் கையில் இருந்தது என் அறியாமை ஒன்றுதான், அதையும் தீர்த்துவிட்டேன்.

நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் எதுனா கம்பெனி கீதா? நீ எனக்குச் சொல்லாதது?”

“ரோட்டரி இன்ஜின் போடறவங்க கீறாங்கமா. அவுங்க கோட் வேற மாரி. எஃப்.டி.3.எஸ்.னு ஒண்ணு. எஃப்.டி.ன்னா…”

“வாணாம்!” என்று கத்திவிட்டேன். “சொல்லிக் குடுக்காத. பேர மட்டும் சொல்லு. போதும்.”

நாலைந்து சொன்னான். எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை. அவனை அனுப்பிவிட்டு, கட்டிலில் என் மகனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் தலையை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

“எஃப்.டி.3.எஸ்.ல மூணுன்னா மூணாவது தலமொற. அப்படித்தானடா?”

சரியா தப்பா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.