விட்பியிலிருந்து வந்த பதில்

இது கனவல்ல. பட்டப்பகல். 1874 டிசம்பர், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் வீடு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் அப்பா ஜோசையா ஓல்ட்ராய்ட் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். ஊருக்கே புத்தி சொல்லித் தலையங்கம் எழுதியவர். வீட்டில் என்னிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மனம்விட்டுப் பேசியதெல்லாம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில்தான். அவற்றை நான் தொடக்கூடாது.

நான்காம் தேதி இறந்தார். ஏழாம் தேதி அடக்கம். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் மரணச் செய்தி எழுதத் தொடங்கினேன்.

"சாப்பிட்டுட்டு எழுதுங்கம்மா," என்றாள் சமையல்காரி கெசையா. "அவசரம் என்ன? ஐயா இனிமே எங்கயும் கிளம்பப் போறதில்ல."

"வெச்சுட்டுப் போ."

பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மணி மூன்று இருபது. ஒரே ஒரு கடிதம் வந்தது. கடலோர ஊரான விட்பியில் இருக்கும் ஏபெல் ஸ்கெல்டன் எழுதியது. அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். அனுதாபக் கடிதம் என்று பிரித்தேன்.

"அன்புள்ள ஜோசையா, நீ ஒன்பதாம் தேதி எழுதியது கிடைத்தது."

ஒன்பதாம் தேதி... அப்பாவைப் புதைத்து இரண்டு நாள்.

"இடம் இவ்வளவு குளிரும் என்று நினைக்கவில்லை என்கிறாய். பழகிவிடும். விளக்கு கேட்காதே, தர மாட்டார்கள். மகள் ரூத் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று வருந்துகிறாய். அதற்காக நாள் முழுக்க அவள் பின்னால் நிற்காதே. தெரிந்துகொள்வாள்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி மூன்று முப்பத்தொன்று.

கர்... கர்...

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம். என் பேனா மேஜைமேல் கிடந்தது.

"கெசையா."

அவள் கீழே சமையலறையில் இருந்தாள்.

கர்...

நின்றது.

எழுதிய மை உலர, யாரோ மெல்ல ஊதினார்கள்...

என் காதருகே.

கெசையா தேநீரோடு வந்தபோது மணி நான்கு. "ஜன்னலைத் திறந்தீங்களாம்மா? ரூம் ஐஸா இருக்கு."

"இல்ல."

அன்றே ஸ்கெல்டன் வீட்டாருக்கு எழுதினேன். அவர் நலமா, அவர் பெயரில் எனக்கு வந்த கடிதத்தை எழுதியது யார் என்று மட்டும் கேட்டேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வரவில்லை.

பதினேழாம் தேதி அவருடைய தங்கை பதில் போட்டிருந்தாள்.

"அண்ணன் நவம்பர் இருபதாம் தேதி காய்ச்சலில் இறந்துவிட்டார். இங்கிருந்து யாரும் உங்களுக்கு எழுதவில்லை. உங்கள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. இந்த வாரமும் அவர் கையெழுத்தில் தினம் ஒரு கடிதம் வருகிறது. அண்ணன் பெயருக்கு வருவதை நான் பிரிப்பதில்லை. அவர் கல்லறைமேல் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன். மறுநாள் போனால் கல் மட்டும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள்."