மேனுகா படித்த போர்த்துக்கேயம்

சந்தையில் மாடு வாங்கினாலும் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறீர்களே, உங்கள் மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போது அவள் வாயில் அந்த நாட்டுப் பேச்சு ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்தீர்களா?

"அவளுக்குத்தான் தமிழ் இருக்கிறதே" என்று தப்பிக்க வேண்டாம். விமானம் இறங்கிய இடத்தில் அந்தத் தமிழ் தனக்குள்ளேயே அழுவதற்கு மட்டும் உதவும். பனிச்சங்கேணி மேனுகா இதைக் குவைத்தில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்காரி கொதிதண்ணீரை அவளுடைய இடக்கையில் ஊற்றியிருந்தாள். தேநீரில் சீனி கூடிப்போன குற்றத்துக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர் மேனுகாவின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். மேனுகா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி பதில் சொன்னாள். சொல்லும்போது கெண்டி தானாகக் கவிழ்வதுபோலக் கையால் காட்டிச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். மேனுகாவுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு வசனம்: "நான் ஊத்தல்ல." அது அவளிடம் இல்லை. அவளை அனுப்பிய ஏஜென்சியிடமும் இல்லை. தாய் அன்னப்பூரணி, அம்மன் கோயிலில் வாங்கிக் கட்டிவிட்ட மஞ்சள் நூலிலும் இல்லை.

தோல் சுருங்கிய கையோடு திரும்பி வந்தவள், களப்போரத்து நண்டு வாடியில், நண்டு அடைத்து ஏற்றும் கொட்டகையில், வேலைக்குச் சேர்ந்தாள். கொழும்புக்குப் போகும் நண்டு உயிரோடு போக வேண்டும். ஆனால் ஒன்றையொன்று கடிக்கக் கூடாது. ஆகவே கொடுக்கை மடக்கி நூலால் கட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். மேனுகாவுக்கு அது நன்றாக வந்தது. பக்கத்தில் ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் வரும் றஸீனா உட்கார்ந்திருப்பாள்.

போர்த்துக்கல் தோட்டங்களுக்குப் பெண்கள் வேண்டும் என்ற செய்தி வந்தபோது முதலில் பெயர் கொடுத்தது மேனுகாதான். அடுத்தது றஸீனா. தங்கச்சி கம்சாயினிக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. ஆனால் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தாள்: அந்தப் பேச்சைப் படிக்காமல் கடல் தாண்டுவதில்லை.

லிஸ்பனில் இருந்து ஒரு டீச்சர் போனில் நடத்தும் இலவச வகுப்பில் சேர்ந்தாள். அவள் முதலில் மனப்பாடம் செய்தது "வணக்கம்" இல்லை. "நாவுங் ஃபுயி எவ்." அதாவது, "நான் இல்லை, நான் செய்யவில்லை." பிறகு நண்டைக் கட்டிக் கட்டியே உடம்பின் சொற்களைப் படித்தாள். காலை மடக்கும்போது "பெர்னா". கண்ணைத் தொட்டு "ஓல்யு". முதுகைத் தட்டி "கோஷ்தஷ்".

"நண்டுக்குப் பேர் வைக்கிறியா, பிள்ளைத்தாச்சி மாதிரி?" என்று றஸீனா சிரிப்பாள்.

"நீயும் சொல்லிப் பாரன் கா."

"எனக்கு ஏலாது புள்ள. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே படி. நான் உன்ட பின்னால நிப்பன்."

ஊர் சிரிக்கவில்லை, சீறியது. "பறங்கிப் பாஷை படிச்சு எந்தப் பறங்கியைக் கட்டப் போறாய்?" என்று கேட்டார்கள். கேட்டவர் குந்தியிருந்த கதிரை, கையூன்றிய மேசை, மடியில் செருகிய சாவி எல்லாம் அந்தப் பறங்கியர் விட்டுப்போன சொற்கள். அவற்றால் எவருடைய மானமும் போகவில்லை. ஒரு பெண் நான்கு சொல்லைச் சேர்த்து ஒரு வசனம் ஆக்கியதும் போய்விட்டது.

ஏஜென்ட் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் வாடிக்கே வந்தான்.

"தங்கச்சி, பழம் புடுங்கப் போறீங்க. பழம் பேசாது. கை இருந்தாப் போதும்."

"கையில சுட்டா வாய்தானே சொல்லணும், அண்ணே."

"அதுக்கு அங்க எங்கட ஆள் நிப்பான். அவன் எல்லாம் பேசுவான்."

"குவைத்திலயும் எனக்காக ஒரு ஆள் பேசினா. பாக்கிறீங்களா?" இடக்கையை நீட்டினாள்.

அவன் முகத்தைத் திருப்பினான். "எட்டுப் பேர் போறீங்க. ஒராள் பாஷையோட போனா மத்த ஏழு பேரும் அவட வாயைத்தான் பாப்பாங்க. அங்க கேள்வி கேக்கிற ஆக்களைத் தோட்டக்காரன் விரும்ப மாட்டான்."

மேனுகா கையிலிருந்த நண்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குக் கையைக் கட்டி அனுப்புறம். நீங்க எங்களை வாயைக் கட்டி அனுப்புறீங்க. பெட்டி ஒண்டுதான்."

உதயரூபன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். பதிலை அம்மனிடம் சொல்லி அனுப்பினான்.

வைகாசிச் சடங்கு வந்தது. அந்தக் கோயிலில் தெய்வம் ஆடுகிறவர் வினாயகமூர்த்தி. உதயரூபனின் அக்காவைக் கட்டியவர். சடங்கில் தெய்வம் உருவேறி ஆடி, எதிரே வந்து நிற்பவர்களுக்கு நடக்கப்போவதைச் சொல்லும். அதைக் கட்டுச் சொல்லுதல் என்பார்கள். சொன்னதை மீற ஊரில் ஆள் இல்லை. கல்யாணம், காணி, அறுவைச் சிகிச்சை எல்லாம் அந்தக் கட்டுக்குக் கட்டுப்பட்டவை. ஒருவருடைய மச்சான் வியாபாரம் செய்யும்போது அவருடைய வாயில் இறங்கும் தெய்வம் யாருடைய தெய்வம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கும்பிட்ட கை கேள்வி கேட்க எழுமா?

அன்னப்பூரணி மகளை இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினாள். உடுக்கை அதிர்ந்தது. வினாயகமூர்த்தி வேப்பங்குழையோடு ஆடி வந்து மேனுகாவின் முன் நின்றார்.

"மகளே! பரதேச நாக்கு உன்ட வாசலைச் சுடும். அந்த நாக்கை அறுத்தெறி. பேசாமக் கடல் தாண்டினா நான் காவல்!"

அன்னப்பூரணி விழுந்து கும்பிட்டாள். மேனுகா நின்றபடியே கேட்டாள்.

"தாயே, நான் போற நாட்டுக்கும் நீ வருவியா?"

"ஏழு கடல் தாண்டியும் வருவன்!"

"ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"பக்கத்தில நிப்பன்!"

மேனுகா கைகளைக் கூப்பி, நிறுத்தி நிதானமாக, போர்த்துக்கேயத்தில் கேட்டாள்: "டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல வேண்டும்?"

குழை அந்தரத்தில் நின்றது. உடுக்கைக்காரன் அடியைத் தவறவிட்டான். மேனுகா அதே கேள்வியை மறுபடியும், இன்னும் மெதுவாகக் கேட்டாள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குத்தம்!" என்று அலறிக் குழையை அவள் முகத்தில் வீசினார் வினாயகமூர்த்தி.

"காவலுக்கு வாற தாய்க்கே அந்த ஊர்ப் பேச்சு விளங்கல்ல," என்றாள் மேனுகா. "அப்ப நான்தானே படிக்கணும்?"

கோயில் நிர்வாகியான வண்ணக்கரின் ஆட்கள் அவளைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோயில் வீதிக்கு வெளியே விட்டார்கள். மறுநாள் உதயரூபன் அவளை நீக்கிவிட்டு வேறு ஒருத்தியைச் சேர்த்தான். அன்னப்பூரணி மகளோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றைப் போட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பாள், நாய்க்கு வைப்பதுபோல. எட்டுப் பெண்கள், றஸீனாவும் சேர்த்து, வாயைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பின்னேரம், வாடியில் மேனுகாவின் போன் அடித்தது. றஸீனா. அழுகையும் இரைச்சலுமாக இருந்தது.

"மேனுகா, ட்ராக்டர்ப் பெட்டியில இருந்து விழுந்திட்டன் புள்ள. இடக்கால் போச்சு. ஆஸ்பத்திரியில இரிக்கன். உதயரூபன்ட ஆள் டாக்டரிட்ட என்னமோ சொல்றான். அவ அதை எழுதுறா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

"போனை அவங்களுக்குக் கிட்டப் பிடி கா. நீ அழாத."

அவள் காதைக் கூர்மையாக்கினாள். வேகமான பேச்சு. பாதி தப்பியது. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: வீட்டில். வீட்டில் விழுந்தாள். குளியலறையில்.

ஊரே கூடியிருந்தாலும் அந்த நேரம் அவள் கத்தியிருப்பாள். வாடியில் நண்டுகளைத் தவிர யாரும் இல்லை.

"நாவுங் ஃபொய் எங் காஸா! வீட்டில் இல்லை! வேலையில் நடந்தது. ட்ராக்டரிலிருந்து விழுந்தாள். கால், இடது கால்."

பிறகு டாக்டரின் குரல் போனுக்கு நெருங்கி வந்து ஏதோ கேட்டது. மேனுகா, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். டாக்டர் மெதுவாகக் கேட்டார். மேனுகா பிழையும் சரியுமாகச் சொன்னாள். இலக்கணம் நொண்டியது, உண்மை நேராகப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் அந்த ஆளை அறையை விட்டு வெளியே போகச் சொன்னது மேனுகாவுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

வேலையிடத்து விபத்து என்று பதிவானதால் றஸீனாவின் வைத்தியமும் கால் ஆறும்வரைக்கான சம்பளமும் காப்புறுதியின் தலையில் விழுந்தன. குளியலறை என்று எழுதியிருந்தால் அவளை நொண்டியாகத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? மேனுகா செய்த குத்தத்தால்தான் றஸீனா விழுந்தாளாம். பனிச்சங்கேணியில் ஒருத்தி கேட்ட கேள்விக்காக, தன்னைக் கும்பிடாத ஓட்டமாவடிக்காரியின் காலை, போர்த்துக்கல்லுக்கே போய் அம்மன் முறித்தாளாம். அங்கே போக மட்டும் அம்மனுக்கு வழி தெரிந்திருக்கிறது.

உதயரூபன் வந்து, "என்ட ஆக்களோட போனில கதைச்சா நடக்கிறது வேற," என்று மிரட்டிவிட்டுப் போனான். அடுத்த தொகுதிக்கு ஆள் சேர்க்கிறான். அதில் மூன்று பெண்கள் இப்போது பின்னேரங்களில் நண்டு கட்டப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாடிக்கு வருகிறார்கள். வாடியில் "பெர்னா", "ஓல்யு" என்று குரல் கேட்கிறது. மேனுகா இன்னும் போகவில்லை. கூரையும் போடவில்லை. வேறு ஏஜென்சியில் விண்ணப்பித்திருக்கிறாள். தோட்டக்காரனோடு தானே பேசுவேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்னப்பூரணி இன்னும் கோப்பையைத் தள்ளித்தான் வைக்கிறாள்.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் ஒரு பெண் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். எழுந்து போங்கள். "இது நான் செய்யவில்லை, வேலையில் நடந்தது" என்பதை அவள் போகும் நாட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் பெட்டியை அவிழுங்கள். முதலில் அவள் படிக்கட்டும். பெட்டியைப் பிறகு கட்டலாம்.