சூரியன் ஒன்று, பரோட்டா ஒன்று

போன வாரம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் பெரம்பலூர் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்த பெரிய மருந்துக்கடை. கவரின் மேல் 1-0-1 என்று அச்சடித்த தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, இதுல பரோட்டாவக் காணுமே?"

உங்களுக்கு இது புரியாது. பாடாலூரில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும்தான் புரியும். சொல்கிறேன்.

என் அக்கா மருந்தாளுநர். இந்த வார்த்தையை எழுதவே ரெண்டு தடவை அடித்துத் திருத்தினேன். நான் எட்டாவதோடு நின்றவன். வெல்டிங் பட்டறை வேலை. அவள் டி.பார்ம் படித்து, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்தாள். அவள் சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டியவன் நான்தான். குண்டு நூல் விட்டுப் பார்த்து, துளி சாயாமல் மாட்டினேன். படிப்பு அவளுடையது, ஆணி என்னுடையது என்று பட்டறையில் பீற்றிக்கொள்வேன்.

இப்போதும் எங்கேயாவது டிஞ்சர் வாசனை வந்தால் அந்தக் கடை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். களைக்கொத்து பட்ட கால், மக்காச்சோளத் தோகை அறுத்த கை, வேனல் கட்டி, பிள்ளைகளின் முட்டிச் சிராய்ப்பு எல்லாம் அந்தப் பெஞ்சுக்குத்தான் வரும். கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிடுவாள். அதற்கு ஒன்றும் வாங்க மாட்டாள். "டாக்டரம்மா" என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் முகம் மாறும். "டாக்டர் இல்லீங்க, மருந்துக்கடை" என்பாள். தன்னால் முடியாததைப் பார்த்துவிட்டால், "இது என் கைக்கு மீறினது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பாள். அதற்கு மேல் கெஞ்சினாலும் நடக்காது.

எழுத்து தெரியாதவர்களுக்குக் கவரில் படம் போட்டுக் கொடுப்பாள். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. எங்கள் தெரு ராமசாமி பெரியப்பா ஒரு தடவை சளிக்கு மாத்திரை வாங்கிப் போனார். மூணு நாள் கழித்து வந்தபோது ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது.

"ஏன் பெரியப்பா, ஒரு ராத்திரி போடலியா?"

"எப்டி ஆயி போடுறது? அன்னிக்கு அமாவாசயில்ல. ரெண்டு தரம் வெளிய வந்து பாத்தேன், நெலா வரவே இல்ல."

பெஞ்சே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது பெரியப்பா" என்றாள். அன்றைக்கே நிலாவை விட்டுவிட்டாள். ராத்திரிக்குப் பாய் படம், படுக்கப்போகும்போது போடு என்று அர்த்தம். ஆனால் அவளுக்குப் படம் வராது. கட்டம் போடப் போய் வட்டமாகிவிடும், உள்ளே போடும் கோடெல்லாம் சுருண்டுகொள்ளும்.

கவரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த பெரியப்பா என்னிடம் கேட்டார், "ஏன்டா, ஒங்கக்கா வரஞ்சிருக்கறது பாயா, பரோட்டாவா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊரே அப்படித்தான் சொன்னது. சூரியன் ஒன்று, பரோட்டா ஒன்று. அவளும் கடைசியில், "பெரியம்மா, சூரியன் கெடையாது, வெறும் பரோட்டாதான்" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் கதைக்கு வருகிறேன். பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் அடித்துக் கண் உறுத்துவது சாதாரணம். அக்கா சொட்டு மருந்து விடுவாள், மறுநாள் சரியாகிவிடும். ஒருநாள் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடித்தேன். இரும்புத் தூள் வலது கண்ணில் ஏறிவிட்டது. கைக்குட்டை நுனியால் எடுத்துவிடலாம் என்று கூட இருந்தவர்கள் வந்தார்கள். நான் அக்காவிடம் ஓடினேன். கண்ணாடி போடாததற்குத் திட்டுவாளே என்று பயம். "வெல்டிங் வெளிச்சம்க்கா, மருந்து விடு" என்று பொய் சொன்னேன்.

டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பொய் சொல்றியா? இது என் கைக்கு மீறினது. எந்திரி."

"ஊருக்கே பாக்கற, தம்பிக்குப் பாக்க மாட்டியா? தண்ணி அடிச்சு எடுத்து வுடுக்கா."

"கைய எடுடா கண்ணுலேருந்து! கசக்குன, கண்ணு போயிரும். அப்பறம் எத வெச்சு வெல்டிங் வெப்ப?"

டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றை எடுத்து, கண்ணை அழுத்தாதபடி மேலே கவிழ்த்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். விரல் கட்ட உட்கார்ந்திருந்தவரிடம், "மாமா, ஒங்க வெரல் பொறுக்கும், இவன் கண்ணு பொறுக்காது" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தாள். பகலில் அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் எல்லாரும் என் கப்பையே பார்த்தார்கள். கண்டக்டர், "கண்ணுலயே டீ குடிக்கிறியா தம்பி?" என்றார். அக்கா சிரிக்காமல் என் ரெண்டு கையையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கப்பைக் கழற்றிப் பார்த்தார்.

"இத யாரு வெச்சது?"

"நான்தான் சார்" என்றாள். "மருந்துக்கடை வெச்சிருக்கேன்."

டாக்டர் பக்கத்தில் நின்ற படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டார். "பாத்துக்குங்க. கண்ணுல அடிபட்டா இப்பிடித்தான் கொண்டு வரணும்."

வலியிலும் எனக்கு நெஞ்சு விரிந்தது. எங்கக்கா சார், எங்கக்கா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கண் பிழைத்தது. வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டாள். "கண்ணாடி கிளாஸ்ல குடுங்கண்ணே" என்று டீக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள்.

அக்கா போய் ஏழு மாதம் ஆகிறது. ரோட்டைக் கடக்கும்போது லாரி. அதற்கு மேல் எழுத வரவில்லை. கடையில் இப்போது செல்போன் ரிப்பேர் நடக்கிறது. சர்டிபிகேட்டை நான்தான் கழற்றி எடுத்து வந்தேன். பெஞ்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா கேட்ட அன்றைக்கு, அச்சடித்த தாளுக்குப் பக்கத்தில் நானே வரைந்தேன். இரும்புத் தகட்டில் தினமும் கோடு போடுகிற கை. சூரியன் வந்தது. ராத்திரிக்குப் போட்ட படம் நாலு மூலையும் சரியாக, கோடெல்லாம் நேராக வந்துவிட்டது. இன்னொரு தாளில் வேண்டுமென்றே கோணலாகப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நேராகத்தான் வந்தது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் போட்டுருக்க" என்றாள். "ஆனா இது பாய்டா."