டவுன் போர்டு மசோதாவில் எட்டாவது பெயர்

சத்தியம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் முன்னால் பைபிளை வைத்து, அதன் மேல் கையை வைக்கச் சொன்னார்கள். கவுன்சில் காகிதங்களில் காண்பதை வெளியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஜொகூர் பாருவில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அந்தச் சத்தியத்தை நான் எவ்வளவு முட்டாள்தனமாகக் காப்பாற்றினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். இப்போது சர்வீசில் இருக்கும் இளைய கிளார்க்குகள் சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும்.

ஜொகூர் மாநிலத்துக்குச் சட்டம் செய்யும் இடம் கவுன்சில். அங்கே நான் டைப்பிஸ்ட். மசோதாவை டைப் அடிப்பது, உறுப்பினர்களின் மேசையில் பிரதி வைப்பது, திருத்தம் வந்தால் துண்டுக் காகிதத்தில் அடித்து ஒட்டுவது என் வேலை. ஒரு மசோதா மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும். பிறகு அரசாங்க இதழான கெஜெட்டில் அச்சாகும். அடுத்த கூட்டத்தில் இரண்டாம் வாசிப்பு. அப்போதுதான் விவாதம், ஒவ்வொரு பிரிவாகத் திருத்தம். கடைசியாக மூன்றாம் வாசிப்பு, அதன் பிறகு சுல்தானின் சம்மதம். அதற்கு நடுவே ஒரு காற்புள்ளியை மாற்றவும் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

சிங்கப்பூருக்குக் கடல் மேல் காஸ்வே பாதை போட்ட பிறகு ஊர் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் டவுன் போர்டு மசோதா ஒன்று வந்தது. டவுன் எல்லை ஆற்றோடை வரைக்கும் நீளும். எல்லைக்குள் மாட்டுக் கொட்டகை இருக்கக்கூடாது. சட்டம் அமலாகி முப்பது நாளில் காலி செய்யவேண்டும். இதை என் விரல்தான் டைப் அடித்தது. அடித்து முடித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஓடைக்கரையில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மாடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன. அவர்களில் பெரியண்ணன் என்பவர்தான் தினமும் விடியற்காலை என் அறை வாசலில் பால் ஊற்றுபவர்.

வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவன் போல் இருந்தேன். முதல் வாசிப்பு முடிந்தது. அதன் பிறகும் தினமும் காலையில் செம்பை நீட்டுவேன், அவர் பால் ஊற்றுவார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஊரில் என் தாய்க்கும் எழுதவில்லை. இருபத்தைந்து நாள் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவரே நின்று பேச்சுக் கொடுத்தார். கிளார்க்கை எங்கள் ஜனங்கள் கிராணி என்பார்கள்.

"கிராணி ஐயா, மழைக்கு முன்னால கொட்டாயப் பிரிச்சிட்டு புதுசா போடலாம்னு இருக்கேன். பலகை சொல்லியாச்சு. தகரம் போடுறதா, அத்தாப்பு ஓலை போடுறதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

என்னால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை. "அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

வாசல் பலகை

எங்கள் தலைமைக் கிளார்க் என்சிக் இஸ்மாயில். மலாயில் என்சிக் என்றால் ஐயா, துவான் என்றால் துரை. வெற்றிலை போட்டபடியே ஒரு மசோதாவை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய மனிதர். அவர் பேசியது மலாய், நான் தமிழில் தருகிறேன். சத்தியத்திலிருந்து விடுதலை கேட்க வழி உண்டா, பாதிரியாரிடம் போகவேண்டுமா, துவான் செக்ரட்டரியிடம் போகவேண்டுமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

"என்னப்பா திருடிட்ட?"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"எந்த மசோதா? டவுன் போர்டா? அது போன மாசமே கெஜெட்ல வந்தாச்சே. நம்ம வாசல் பலகையில ஆணியடிச்சு தொங்குது. தினம் அதைத் தாண்டித்தானே உள்ள வர்ற?"

"அது நமக்கு... ஆபீசுக்கு..."

"ஊரு படிக்கத்தான்ப்பா கெஜெட்! அச்சாகுற வரைக்கும்தான் ரகசியம். அச்சான பிறகு அதைச் சொல்லாம இருக்கிறதுதான் தப்பு."

ஆங்கிலத்திலும், ஜாவி என்னும் அரபு எழுத்தில் மலாயிலும் அச்சாகி, ஊர் நடுவில் தொங்கிய விஷயத்தை ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த ஒரே மனிதன் உலகத்திலேயே நான்தான். ஓடைக்கரையில் அந்த இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. படிக்கத் தெரிந்த நான் பைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கத்தில் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

மசோதாவில் ஆட்சேபம் உள்ளவர்கள் கவுன்சிலுக்கு மனு கொடுக்கலாம், அதற்கு மறுநாள் நடுப்பகல்தான் கடைசி என்று அவரே சொன்னார். அன்று மாலையே ஓடைக்கரைக்குப் போய்ச் சொன்னேன். அரசாங்க ஊழியன் மனு எழுதக்கூடாது என்பதால், கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்காரும் மனு எழுதுபவரிடம் அனுப்பினேன். அவர் இரண்டு பக்கம் சுல்தானின் கீர்த்தியைப் பாடிவிட்டு, கடைசி வரியில்தான் மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருந்தார். என்சிக் இஸ்மாயில் அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கீர்த்தி போதும். யாரு, எங்க, எத்தனை மாடு, எத்தனை வருஷமா, என்ன வேணும். இதை எழுதிட்டு வரச் சொல்லு."

அவர்கள் திரும்ப எழுதிக்கொண்டு வந்தார்கள். ஏழு பெயர், ஏழு கைநாட்டு. எட்டாவது கொட்டகை காத்தாயி அக்காவுடையது. புருஷன் இல்லாத பெண், மூன்று மாடு, ஒரு கன்று. மகள் பிரசவத்துக்காக லாபிஸ் போயிருந்தார். பக்கத்துக் கொட்டகைக்காரர் அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக்காவோட பேரையும் எழுதிடலாமே அண்ணே" என்றேன்.

பெரியண்ணன் பதறிவிட்டார். "அய்யய்யோ, வேணாம் கிராணி ஐயா! அது இல்லாத நேரத்துல அது பேரை கவர்மெண்ட் காயிதத்துல எழுதி, நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா? அது திரும்பி வந்து சொல்லட்டும்."

தோட்டத்தில் கடன் பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் பெயர் ஏறிச் சீரழிந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். காகிதத்தில் பெயர் ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டிய பாடம். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. ரயிலேறிப் போய் அழைத்துவர நேரம் இல்லை. அந்த இருபத்தைந்து நாளில் ஒரு நாளை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் நேரம் இருந்திருக்கும்.

மாடு முதலா, டவுன் முதலா

இரண்டாம் வாசிப்பு நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீள மேசை. சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்ப் பிரமுகர்களான டத்தோக்கள், வெள்ளை உடுப்பில் துரைமார்கள், பட்டுச் சட்டையில் தவுக்கே எனப்படும் சீன முதலாளி. ஒருவர் பேசும்போது மற்றவர் இருமக்கூடத் தயங்குவார். நான் சுவரோரம் பென்சிலும் துண்டுக் காகிதமும் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு வெளியே ஏழு பால்காரர்களும் துவைத்த வேட்டியோடு குந்தியிருந்தார்கள்.

முதலில் ஹெல்த் ஆபீசர் பேசினார். ஆங்கிலேயர், ஆனால் மலாய் நன்றாக வரும். ஓடையில் சாணி கலக்கிறது, கீழே அதே தண்ணீரில் ஜனங்கள் குளிக்கிறார்கள், ஈ மொய்க்கிறது, ஒரு காலரா வந்தால் யார் பொறுப்பு என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மூவார் பக்கத்து டத்தோ ஒருவர் இருந்தார். வயதானவர், கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காதவர். மனுவை விரலால் வரி வரியாகத் தடவிப் படித்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த இடத்துக்கு மாடு முதல்ல வந்ததா, டவுன் முதல்ல வந்ததா?"

ஹெல்த் ஆபீசர் தன் காகிதங்களைப் புரட்டினார்.

"மாடு நின்ன இடத்துலயேதான் நிக்குது. நடந்து போறது நம்ம டவுன். நடந்து போறவன் தானே நின்னவன்கிட்ட வழி கேக்கணும்?" என்றார். பிறகு ஹெல்த் ஆபீசர் பக்கம் திரும்பி, "துவான், ஆஸ்பத்திரி நோயாளிக்குப் பால் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார்.

ஹெல்த் ஆபீசர் மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை. "அங்கேயிருந்துதான், டத்தோ" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. அந்தப் பிரிவை மட்டும் ஒரு கமிட்டிக்கு விட்டார்கள். அன்று மாலையே கமிட்டி ஓடைக்கரைக்கு வந்தது. டத்தோ சரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கிறார். ஹெல்த் ஆபீசர் குனிந்து கால்வாயைப் பார்க்கிறார். லீகல் அட்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறார். நான் வரைபடத்தைப் பிடித்தபடி பின்னால் போனேன். சட்டம் என்பது வானத்திலிருந்து இறங்குவது என்று நினைத்திருந்தவன் நான். அது சாணி வாசத்தில் நின்று தன் சொற்களைத் தேடிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் திருத்தம் வந்தது. புதுக் கொட்டகை கூடாது. ஏற்கெனவே இருப்பவை, இரண்டாம் அட்டவணையில் பெயர் உள்ளவை மட்டும், லைசென்சோடு இருக்கலாம். ஒரு வருடத்துக்குள் சிமென்டுத் தரையும் கால்வாயும் போடவேண்டும். ஹெல்த் ஆபீசர் கேட்டதும் கிடைத்தது, பால்காரர்கள் கேட்டதும் கிடைத்தது. மனுவிலிருந்த ஏழு பெயரும் அப்படியே அட்டவணையாயின. மூன்றாம் வாசிப்புக்குத் தலைவர் சம்மதம் கேட்டார். மேசையைச் சுற்றி "செத்துஜு, செத்துஜு", சம்மதம் சம்மதம் என்று மலாயில் குரல் எழுந்தது. வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது பெரியண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு என்னைப் போல் பெருமைப்பட்டவன் ஊரில் இல்லை.

ஒரு பெயருக்கு மூன்று வாசிப்பு

சுல்தானின் சம்மதமும் வந்து சட்டம் அமலாகிவிட்டது. பத்து நாள் கழித்துக் காத்தாயி அக்கா திரும்பி வந்தார். அவர் கொட்டகையில் மட்டும் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏந் தம்பி, அந்த ஏழு பேரு மாடுதான் மாடா? என்னுது என்ன ஆடா?"

நோட்டீஸோடு என்சிக் இஸ்மாயிலிடம் போனேன். ஒரே ஒரு பெயர்தானே, டத்தோவிடம் சொல்லிச் சேர்க்க முடியாதா என்று கெஞ்சினேன்.

"டத்தோ இல்ல, தலைவரே நெனச்சாலும் பென்சில்ல ஒரு பேரு எழுத முடியாது. சட்டத்தை சட்டம்தான் திருத்தும்."

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், என் இருபத்தைந்து நாள் உட்பட. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினேன். அவர் அதை மேலே அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கத் திட்டினார்கள், வேலை போகவில்லை. ஆனால் கவுன்சில் கூடும்போதுதானே கூடும். காத்தாயி அக்கா மாடுகளை எல்லைக்கு வெளியே ஒரு சீனருடைய சின்ன ரப்பர்த் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டினார். தினம் இருட்டோடு எழுந்து இரண்டு மைல் நடந்து போய்க் கறந்து, டவுனுக்குச் சுமந்து வந்து ஊற்றினார். நான்காம் மாதம், ஆளில்லாத ஒரு மதியம், அவிழ்த்துக்கொண்ட கன்று அங்கிருந்த பள்ளத்தில் விழுந்து செத்தது.

ஐந்தாம் மாதம் மசோதா வந்தது. உள்ளூராட்சிக்காக நான் டைப் அடித்த மசோதாக்களில் மிகச் சிறியது அதுதான். 'இரண்டாம் அட்டவணையில் ஏழாம் வரிக்குப் பிறகு எட்டாம் வரியைச் சேர்க்க.' அவ்வளவுதான். அதற்கும் தலைப்பு வாசித்தார்கள், கெஜெட்டில் போட்டார்கள், நோக்கம் விளக்கினார்கள். ஹெல்த் ஆபீசரே எழுந்து, அந்தப் பெண்ணின் கொட்டகைதான் ஓடைக்கரையிலேயே சுத்தமானது, எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் மூன்று மாட்டுக்காக டத்தோக்களும் துரைமார்களும் தவுக்கேயும் முறை தவறாமல் மூன்று வாசிப்பையும் முடித்தார்கள். சுவரோரம் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோயிலில்கூட அப்படி நின்றதில்லை.

கெஜெட் அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவர் கொட்டகைக்குப் போனேன். மாடுகள் திரும்பி வந்திருந்தன. அவர் கறந்துகொண்டிருந்தார்.

"இதுல எம் பேரு எங்க தம்பி இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இம்புட்டுதானா? இதுக்கா அஞ்சு மாசம்?"

அப்போதுதான் சொன்னேன். மசோதா அச்சான அன்றே எனக்குத் தெரியும் என்பதை, நான் வாயைத் திறக்காமல் இருந்ததை, திறந்திருந்தால் அவர் லாபிஸ் ரயில் ஏறும் முன்பே கைநாட்டு வைத்திருக்கலாம் என்பதை. அவர் கை கறப்பதை நிறுத்தியது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா எங் கன்னு இருந்திருக்கும், தம்பி" என்றார். பிறகு மறுபடி கறக்க ஆரம்பித்தார்.

அந்த மன்றத்தைப் பார்த்து வியந்தவன் நான், கிழவனான பிறகும் அந்த வியப்பு குறையவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு நியாயமானவர்களாக இருந்தாலும், மேசைக்கு வந்த காகிதத்தில் இருப்பதைத்தான் அவர்களால் பார்க்க முடியும். அதற்குப் பிறகு சர்வீஸ் முடியும் வரைக்கும் ஒவ்வொரு கெஜெட்டையும் ஓடைக்கரைக்கு எடுத்துப் போய் உரக்கத் தமிழில் சொன்னேன். பாதி நாள் கேட்க ஆள் இருக்காது, மாடுகள்தான் கேட்கும். அப்படியும் சொன்னேன். அச்சான சட்டத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், தம்பிகளே. அன்றைக்கே சொல்லுங்கள்.