நெத்தலி போட்ட கிம்ச்சி

இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த புதிதில் எனக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இருந்திருக்கக் கூடாது. மனைவி எனக்குப் பல வருஷம் முன்பே இங்கே வந்து காலூன்றியவள். நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் நாங்கள் இருந்த வீட்டில் படிகள் ஒடுக்கம், சுவரெல்லாம் ஈரம். ஆனால் குசினியில் இல்லாத சாமான் இல்லை. குத்தரிசி, தேங்காய்ப்பால் மா, கருவாடு, வறுத்து இடித்த தூள் எல்லாம் எங்கள் ஆட்களின் கடையில் கிடைக்கும். சந்தையில் மீன் துள்ளும். மன்னாரில் சாப்பிட்டதையெல்லாம் இங்கேயும் சாப்பிடலாம்.

நான் தேடியது மன்னார்ச் சாப்பாடு இல்லை. கொரியாச் சாப்பாடு.

கலியாணம் முடிந்த சில மாதத்தில் நான் கொரியாவுக்குப் போனேன். தென்கரையில் ஒரு சின்னத் துறைமுகம். நெத்தலி பிடிக்கிற படகில் வேலை. நான் போன பிறகு அவள் ஒரு சினியோரா அம்மாவின் வீட்டு வேலைக்கு இத்தாலிக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இங்கே வதிவிடப் பத்திரம் சரிவந்து, என்னைக் கூப்பிட வழி பிறக்கும் வரைக்கும் நாங்கள் புருஷன் பெண்சாதியாக இருந்தது போனில்தான். கொரியாவில் முதல் வருஷம் எனக்கு அந்தச் சாப்பாடு தொண்டையால் இறங்கவில்லை. கிம்ச்சிப் பானையைத் திறந்தால் எழும்பி வெளியே போய்விடுவேன். கோவா என்கிற முட்டைக்கோசை உப்பிலும் மிளகாயிலும் ஊறவைத்துப் புளிக்க விடுகிற அந்தப் பண்டத்தை மூன்று வேளையும் மனிசர் எப்படித் தின்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

எப்போது பிடித்துப்போனது என்று எனக்கே தெரியாது. பலேர்மோவுக்கு வந்து, மனைவி வைத்த மீன்குழம்பையும் சொதியையும் ஆசை தீரச் சாப்பிட்டு முடித்து, ஒரு மழை நாள் காலையில் வேலைக்கு இறங்கும்போது வாயூறியது. குழம்புக்கு இல்லை. சுடுசோற்றின் மேல் வைத்த புளித்த கோவா இலைக்கு.

அதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அரிசி இருக்கு, பால்மா இருக்கு, பாரைக் கருவாடு இருக்கு. இஞ்சை எங்கடை சனம் முருங்கைக்காய் இல்லையெண்டு கவலைப்படும். நீங்கள் என்னெண்டால் கொரியாச் சாப்பாடு கேக்கிறியள்."

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் தேடத் தொடங்கினேன். எனக்கு வேலை நகர நடுவில் பொலிதேயாமாப் பக்கம், அடுக்குமாடிகளின் படிக்கட்டுக் கழுவுவது. வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வராமல், ரயில் நிலையத்துக்குக் கிட்ட சீனாக்காரர் கடைகள் இருக்கிற தெருவுக்கு நடப்பேன். அநேகமான கடைகளில் உடுப்பும் சப்பாத்தும்தான். ஒரு கடையின் பின்பக்கத்தில் மட்டும் சாப்பாட்டுச் சாமான் இரண்டு தட்டுகளில் இருந்தது. சோயா போத்தல்களுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பெட்டி. அதிலே கொரிய எழுத்து. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிளகாய் விழுது. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கறுத்த மனிசன் ஒருவன் பெட்டியோடு தனியே கதைக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பெட்டியை வாங்கி வந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆசையை அடக்கவில்லை, கிளப்பிவிட்டது.

கிம்ச்சியை நானே போடுவது என்று முடிவெடுத்தேன். படகுக்காரர் போடுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, போட்டதில்லை. சந்தையில் கிடைத்தது சுருங்கின இலையுள்ள முரட்டுக் கோவா. மிளகாய்த்தூளுக்கு எங்கள் தூளையே போட்டேன். அதில் மல்லியும் சீரகமும் சேர்ந்திருக்கும் என்பது கையை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாளியில் அடைத்து, மூடி, பல்கனியில் வைத்தேன். சில நாளில் அது ஊதி, மூடியைத் தள்ளி, வடியத் தொடங்கியது. மேல்வீட்டு அம்மா பல்கனியில் நின்று, எங்கள் வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

மனைவி வேலையால் வந்தவள், நேரே வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள் அங்கை இருக்கேக்கை ஒவ்வொருக்கா போன் எடுக்கேக்கையும் என்ன சொன்னனீங்கள்? உன்ரை கறி இல்லாமல் நாக்குச் செத்துப்போச்சு எண்டு சொன்னனீங்கள். அதைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் இஞ்சை இருந்தன். அது பொய்யே?"

"பொய்யில்லை."

"அப்ப இது என்ன?"

அங்கே இருந்தபோது இவளுடைய கறிக்கு ஏங்கியதும் உண்மை. இவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தத் துறைமுகத்துக்கு ஏங்குவதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

"கொரியா எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது," என்றாள். "என்ரை நல்ல வருஷமெல்லாம் அதுக்குள்ளைதான் போனது."

அதற்குப் பிறகு வீட்டில் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாரி முடிகிற நேரம், நான் கழுவுகிற ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குப் புதிதாக யாரோ குடிவந்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் குரல் பாட்டுப் பழகும். ஒரே சுரத்தை ஏற்றி இறக்கி, திரும்பத் திரும்ப. இத்தாலியில் சங்கீதம் படிக்க எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியும். அதனால் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒருநாள் கதவு திறந்து அந்தப் பிள்ளை போனில் கதைத்துக்கொண்டு வெளியே வந்தது. நான் படியில் துடைப்பத்தோடு நின்றேன்.

"ஓம் அம்மா, சாப்பிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்" என்றாள். கொரிய மொழியில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் போனை வைத்ததும், யோசிக்காமல் என் வாயில் இருந்து வந்தது, "பப் முகொன்னா?"

சாப்பிட்டியா என்று அர்த்தம். படகில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்கிற கேள்வி அது. மரியாதைச் சொல் ஒன்றும் அதில் இல்லை. எனக்குத் தெரிந்த கொரிய மொழி முழுக்க அப்படித்தான், படகுக்காரர் கொச்சை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்தாள்.

"என் அப்பாவின் ஊரில்தான் இப்படிக் கதைப்பார்கள். நீங்கள் யார்?"

படியிலேயே நின்று கதைத்தோம். எனக்கு மறந்துபோன சொற்களை அவள் எடுத்துத் தந்தாள். அப்போதிருந்து என்னை அஜொஷி என்று கூப்பிட்டாள். வயதில் மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாய்க்கு அவள் சொன்னது பொய். பாண் ரொட்டித் துண்டும் தக்காளியும்தான் அவளுடைய சாப்பாடு. தாய் அனுப்பிய பார்சலில் மிளகாய்த்தூள் ஒரு பை இருந்தது. ஆனால் தனியாளுக்காகக் கிம்ச்சி போட மனம் வரவில்லையாம்.

இதை மனைவியிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் உடுப்பு மடித்தாள்.

"பாவம், தனியப் பாண் தின்னுற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். "தூளையும் கொண்டுவரச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை ஒரு கையில் மிளகாய்த்தூள்ப் பையும் மறுகையில் கொரியாவில் போடுகிற நீட்டுக் கோவாவுமாக வந்தது. பெரிய சுப்பர்மார்க்கெட்டில் கிடைக்குமாம், நான்தான் சந்தையைத் தாண்டித் தேடவில்லை. அவளும் மனைவியும் இத்தாலியனில் கதைத்தார்கள். இடையில் நான் எதற்கும் தேவைப்படவில்லை. அதில் சேர்க்கிற மீன்சாறுக்கு என்ன செய்வது என்று வந்தபோது மட்டும் நான் வாயைத் திறந்தேன். தென்கரையில் உப்பில் கிடந்த நெத்தலியைத்தான் கிம்ச்சியில் போடுவார்கள். அது இங்கே எந்தச் சந்தையிலும் பெரிய தகரத்தில் இருக்கிறது. ஓடிப்போய் வாங்கி வந்தேன். முள்ளெடுத்து, நசித்து, தூளோடு குழைத்தபோது அந்த மணம் வந்தது. படகில் நெத்தலி அவிகிற கிடாரத்தின் மணம், மழைச்சட்டையில் ஒட்டி எத்தனை தரம் கழுவினாலும் போகாத மணம். எனக்குக் குசினியில் நிற்க முடியாமல் போய்விட்டது. பல்கனிக்குப் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது மனைவி முழங்கைவரை சிவப்பாக நின்றாள். அந்தப் பிள்ளை ஒரு இலையை விழுதோடு சுருட்டி, அவள் வாய்க்கு நேரே நீட்டியது. "போட்டவர் முதலில் சாப்பிட வேண்டும், கையால்தான் ஊட்டுவோம்" என்றது.

மனைவி பின்வாங்கினாள். பிறகு வாயைத் திறந்தாள். மென்றாள்.

"புளிப்பில்லையே," என்றாள்.

"இருந்துதான் புளிக்கும்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அங்கை உங்களுக்கும் ஆரும் இப்பிடி ஊட்டிவிட்டவையே?"

"ஓம்," என்றேன். "இமோ."

இமோ என்றால் சின்னம்மா. துறைமுகத்தில் எங்களுக்குச் சமைத்த பெண்ணை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். குளிர் தொடங்க முன் ஊரே சேர்ந்து கிம்ச்சி போடும் நாளில், நான் கோவா மூட்டை சுமந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, ரப்பர்க் கையுறையோடு ஒரு இலையைச் சுருட்டி என் வாய்க்குள் திணித்தவர். அன்று எல்லாரும் கைதட்டினார்கள். படகுக்காரர் என்னைத் தோளில் அடித்தார்கள். அந்தப் பொழுதில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையெல்லாம் மனைவிக்கு முதல்தரம் அப்போதுதான் சொன்னேன்.

"இதை ஏன் எனக்கு அப்ப சொல்லேல்லை?"

"நீ இஞ்சை தனியக் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்க, நான் அங்கை சந்தோஷமாய் இருந்தன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவள் வாளியை மூடி, கையைக் கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"நானும் இஞ்சை எல்லா நாளும் அழுதுகொண்டு இருக்கேல்லை."

"என்ன?"

"வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. வேலை செய்யிற பெண்டுகள் எல்லாம் சேர்ந்து பஸ் எடுத்து மொண்டெல்லோக் கடலுக்குப் போவம். நான் நீந்தப் பழகினன். மிதவை வரைக்கும் போய்த் திரும்புவன்."

கடற்கரையில் பிறந்தும் முழங்கால் தண்ணீருக்கு அப்பால் போகாதவள். நான்தான் அவளைப் பகிடி பண்ணுவேன். அவள் நீந்துவாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. நான் நெத்தலி வலை இழுத்த அதே வருஷங்களில், இவள் இந்தக் கடலில் சிரித்துக்கொண்டு நீந்தியிருக்கிறாள். போனில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அழுகையை மட்டும்தான் அனுப்பியிருக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனைவி மேசையில் சோறு போட்டுவைத்த தட்டில் மீன்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டது.

கோடைக்கு முன் அவளுக்கு வடக்கே ஒரு இடத்தில் பாட வாய்ப்புக் கிடைத்தது. ஜெனோவாவுக்குப் போகும் கப்பலுக்கு அவளுடைய பெட்டிகளைத் துறைமுகத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஏறும் முன் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, மிளகாய்த்தூள்ப் பையில் மிஞ்சியதை என் கையில் தந்தாள். பிறகு ஒன்றிரண்டு தரம் செய்தி அனுப்பினாள். இப்போது இல்லை. பிள்ளைகளுக்கு வேலை இருக்கும்.

இமோவின் நம்பர் என் பழைய போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை என்று ஒரு இயந்திரக் குரல் மரியாதையாகச் சொன்னது. நான் அதையும் முழுக்கக் கேட்டேன், கொரிய மொழி என்பதால்.

தூள் முடிந்துவிட்டது. சீனாக்காரர் கடையில் சிலவேளை கிடைக்கிறது, பல தரம் இல்லை. கிடைத்தால் நானும் மனைவியும் போடுவோம். அவளுக்கு இப்போது என்னைவிட நன்றாக வரும், புளிப்பு ஏற முன்பே தின்று முடித்தும் விடுவாள். எனக்கு அது நன்றாகப் புளித்து, இலை துவண்டு, மூக்கைத் துளைக்க வேண்டும். அவ்வளவு நாள் அது எங்கள் வீட்டில் மிஞ்சுவதில்லை. சில காலைகளில், பொலிதேயாமாப் பக்கம் மூன்றாம் மாடிப் படியைக் கழுவும்போது, அந்தப் பிள்ளை பாடிப் பழகிய வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.