அசலைக் கையில் கொடுக்குமுன்

நான் வசிக்கும் தம்பெரே நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு மதில் கிடையாது. வளைவு, வாட்ச்மேன், பெயர்ப்பலகை வைத்த பெரிய கேட்டு எதுவும் கிடையாது. நான் அங்கே படிப்பவளும் இல்லை, வேலை பார்ப்பவளும் இல்லை. பின்லாந்து வந்து பல வருஷமாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆனாலும் குளிர்காலத்தில் காற்றுக்கு ஒதுங்கியும், கோடையில் வெறும் பழக்கத்திலும், தினமும் காலையில் அந்தக் கட்டடத்தின் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறுகிறேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. வந்த புதிதில் பயத்தில் என் அடையாள அட்டையைக் கையில் நீட்டிப் பிடித்தபடியே நடந்தேன். எதிரே வந்த ஒரு வயதானவர், நான் எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "எய் கீத்தோஸ்" என்று பணிவாகச் சொல்லி விலகிப் போனார். வேண்டாம், நன்றி என்று அர்த்தம்.

போன ஜூன் மாதம் ஒரு காலை, அந்த நடைவழியில் இருக்கும்போதுதான் பவித்ராவின் அழைப்பு வந்தது. பவித்ரா என் அண்ணன் மகள். எங்கள் ஊரான பரளச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"அத்த, மெசேஜ் வந்துருக்கு. நாளைக்குக் காலையில திருச்சுழி கவர்மெண்டு காலேஜுல கவுன்சிலிங். ஒரிஜினல் எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லிருக்காக."

"நல்லதுதானடி. போ."

"ஒரிஜினல் வீட்ல இல்ல அத்த. அந்தக் காலேஜுல வாங்கி வச்சிருக்காக."

எந்தக் காலேஜு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் அட்மிஷன் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் காரில் பரளச்சிக்கு வந்தார். அண்ணனையும் பவித்ராவையும் ஏற்றிக்கொண்டு, மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினார். ஏசி அரங்கம், நீச்சல் குளம், வரிசையாக மஞ்சள் பேருந்துகள், மத்தியானம் சாப்பாடு. செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் இடம் தருவதாகச் சொல்லி, சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயந்திரம் அண்ணன் சந்தோஷமாகப் பேசினான். "வகுப்பு நடக்குறதப் பாத்தீங்களா? அங்க படிக்கிற பிள்ளைக யார்ட்டயாவது பேசுனீங்களா?" என்று கேட்டேன். "இன்னைக்கு லீவுன்னுட்டாங்க" என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

பவித்ராவுக்குக் கணக்கு படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாள். அங்கிருந்துதான் இப்போது கூப்பிட்டிருந்தார்கள். அசல் இல்லாமல் போனால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அண்ணனைப் போனில் பிடித்தேன். "ஒரு மனுசன் காரு எடுத்துட்டு வந்து, கூட்டிட்டுப் போயி, சோறு போட்டு அனுப்பிருக்காரு. சரின்னு சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லுவேன்?" என்றான்.

"படிக்கப் போறது அவ. அவளக் கேட்டியா?"

"நீ அங்க உக்காந்துக்கிட்டு ஈசியாச் சொல்லுவ" என்று போனை வைத்துவிட்டான். எப்போதும் என் வாயை அடைக்கும் வாக்கியம் அது.

அடுத்த அழைப்பு பவித்ராவின் அம்மா, என் மதினியிடமிருந்து வந்தது. பின்னால் பேருந்தின் இரைச்சல். "நானும் இவளும் கிளம்பிட்டோம். அருப்புக்கோட்டையில எறங்கி மதுர பஸ்ஸப் பிடிக்கணும். ஒங்க அண்ணன்ட்டச் சொல்லல. சாயந்தரம் ஆபீசு அடைக்கிறதுக்குள்ள போயிரணும். நீ போன எடுக்குற மாதிரி இரு தாயி."

வேலையில் கை ஓடவில்லை. என் பக்கத்து மேசைக்காரி பைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னேன்.

"அதனாலென்ன? இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளட்டும்."

"அது பிரதி இல்லை, அசல்."

"எல்லாம் கணினியில் இருக்குமே?"

அசல் என்ற சொல்லின் கனத்தை என்னால் அந்த மொழிக்கு மாற்ற முடியவில்லை. சரி, இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் சேரட்டுமே என்றாள் பைவி. அவள் மகன் பள்ளி முடித்துவிட்டு, என்ன படிப்பது என்று யோசிக்க ஒரு வருஷம் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவன். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அவளை யோசிக்க விடமாட்டார்கள்; மாப்பிள்ளை பார்ப்பார்கள். பவித்ராவுக்கு ஏற்கெனவே இரண்டு பக்கமிருந்து கேட்டிருந்தார்கள். இதையும் பைவியிடம் சொன்னேன். "ஆனால் அவள் மாட்டேன் என்று சொல்லலாமே?" என்றாள். நல்ல மனுஷி. அவளிடம் கோபப்படவும் முடியவில்லை.

மாதிரிப் புட்டிகளை அடுக்கிக்கொண்டே என் கல்லூரி நாட்களை நினைத்தேன். அருப்புக்கோட்டையில் நான் படித்த கல்லூரி ஓட்டுக் கட்டடம், ஒழுகும் கூரை. ஆனால் வேதியியல் ஆய்வகம் மத்தியானத்திலும் திறந்திருக்கும். திருச்சுழிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று எங்கள் துறைப் பேராசிரியை ஒரு வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். ஊரூராகத் தண்ணீர் கொண்டுவர ஆள் வேண்டுமென்று வகுப்பில் கேட்டார். நானும், அப்பா துபாயில் இருந்த நூர்ஜஹானும் கை தூக்கினோம். பரளச்சி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நான் கொண்டுபோனேன். பாளையம்பட்டித் தண்ணீரை அவள். மூன்று வருஷம் சாப்பாட்டு வேளையெல்லாம் அங்கேதான் கழிந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே நேர்காணலில் அதிக நேரம் கேட்டார்கள்.

போன் அதிர்ந்தது. மதினி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கல்லூரி அலுவலகம். சேர்மன் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார்களாம்.

நான் அந்த அலுவலரிடம் பேசினேன். மாணவியின் சான்றிதழைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமையில்லை, புகார் கொடுப்பேன் என்றேன்.

"நீங்க யாரும்மா? எங்கருந்து பேசுறீங்க?"

"பின்லாந்து."

"எந்த லாண்டா இருந்தாலும் நேர்ல வந்து பேசுங்க."

அதன் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. மதினி போனை அணைக்காமலே கையில் வைத்திருந்தாள். மின்விசிறிச் சத்தம், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், "அடுத்த ஆளு வாங்க" என்ற குரல். தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஆய்வகத்துக்கு வெளியே நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பவித்ரா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

திடீரென்று மதினியின் குரல். சத்தம் போடவில்லை. களத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாளே, அந்தக் குரல்.

"அய்யா, நீங்க பிள்ளையச் சேக்க வந்தீகளா? நல்லாச் சேருங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. எம்மக சர்டிபிகேட்ட இங்க குடுத்துட்டோம். இப்ப வேற எடத்துல படிக்கணுங்கிறா. கேட்டா தரமாட்டேங்கிறாக. நீங்க குடுக்கமுந்தி, திருப்பித் தருவாகளான்னு கேட்டுட்டுக் குடுங்க."

நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருவர், "ஆமா சார், தருவீங்களா?" என்று கேட்டார். ஒரு பை ஜிப் மூடும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அலுவலர் அவசரமாக, "அம்மா, நீங்க உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றார்.

"நா எதுக்கு உள்ள வரணும்? இங்கனயே குடுங்க."

மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வந்தன. டி.சி. வேறு கட்டடத்தில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். "அது இல்லாம நா எந்திரிக்க மாட்டேன்" என்றாள் மதினி. அதுவும் வந்தது.

திரும்பி வரும் வழியில் காரியாபட்டியில் பேருந்து நின்றபோது அண்ணன் ஏறியிருக்கிறான். இவர்கள் கிளம்பிப் போனது அண்டைவீட்டார் சொல்லித் தெரிந்து, அந்த ஆலோசகரைத் தேடி அங்கே போயிருக்கிறான். அவர் இல்லை. மதினி பக்கத்தில் உட்கார்ந்து, உறையை வாங்கி, ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு, "மகளே, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டானாம்.

மறுநாள் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. பவித்ராவின் முறை வருவதற்குள் கணக்குப் பிரிவு நிரம்பிவிட்டது. இயற்பியல் இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லு என்றார்கள். பின்னால் வரிசை. இந்த முறை அவள் என்னைக் கூப்பிடவில்லை. அருகில் நின்ற அப்பாவையும் பார்க்கவில்லை. "வேணும்" என்றாள். அன்று மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஒரு கணம் மனது சுருங்கியது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஊரில் இதை வாசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். கல்லூரியைப் பார்க்கப் போனால் வகுப்பு நடக்கும் நாளில், சொல்லாமல், உங்கள் செலவில் போங்கள். அரங்கத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகப் பூட்டில் துரு இருக்கிறதா, நூலகத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளிடம், உங்கள் வாத்தியார்களில் யார் நிலைத்து இருக்கிறார் என்று கேளுங்கள். சேர்வது உறுதியாகும்வரை நகலை மட்டும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு: நினைத்தது கிடைக்காவிட்டாலும், சேர்ந்த கல்லூரியில் ஒரு திறந்த கதவு இருக்கும். முதல் மாதத்திலேயே அதைத் தேடுங்கள். பவித்ரா தேடினாள். கணக்குத் துறையில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடக்கிறதாம்; இயற்பியல் பிள்ளையும் வரலாமா என்று போய்க் கேட்டிருக்கிறாள். வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்டில் ஒருநாள் பல் மருத்துவரிடம் போக விடுப்பு எடுத்திருந்தேன். நிறுத்தத்தில் நிற்கும்போது பவித்ரா வீடியோவில் வந்தாள். திருச்சுழியில் தோழிகளோடு பேருந்துக்குக் காத்திருந்தாள். "எங்க அத்த, பின்லாந்து" என்று என்னை எல்லோருக்கும் காட்டினாள். ஒருத்தி திரைக்குள் எட்டிப் பார்த்து, "அத்த, ஊருக்கு எப்ப வருவீக?" என்று கேட்டாள். வாரேன் என்று சொல்வதற்குள் அவர்கள் பேருந்து வந்துவிட்டது. ஒரே ஓட்டம். திரையில் வானமும் முழங்கைகளும் ஜன்னல் கம்பியுமாகக் குலுங்கின. "ஏலே, எடம் போடு!" என்று யாரோ கத்தினார்கள். நானும் பையை மார்போடு அணைத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் பாய்ந்திருந்தேன். எதிரே ஏறக்குறைய காலியான தம்பெரே பேருந்து கதவைத் திறந்து நின்றது. ஏறுகிறாயா என்று ஓட்டுநர் கண்ணால் கேட்டார். காதில் திருச்சுழி நடத்துனரின் விசில் ஊதியது. எந்தப் பேருந்து கிளம்புகிறது என்று தெரியாமல், ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றேன்.