சவரிமுத்து மாமா நீக்க மறுத்த பெயர்

மூன்று வாரத்துக்கு முன், மணலி புதுநகரில் வேலைக்குப் போகப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லூர்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "மாமா எயுந்திருக்கல நைனா" என்றாள்.   அக்காவின் கணவர் சவரிமுத்து அறுபத்தோராம் வயதில் எங்களை விட்டுப் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டினார். எங்கள் பெற்றோர் போன பிறகு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து, முதல் வேலையாக ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்த்தார். "கார்டுல ஏறிட்ட. இனி நீ எங்க வூட்டு ஆளு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். கிரேனில் உட்கார்ந்தால் ராஜா. கீழே இறங்கினால் அக்காவுக்குப் பயந்தவர்.

இருபத்திரண்டு வயதில் நான் டேங்கர் லாரிகளில் டீசல் திருடும் கூட்டத்தோடு சேர்ந்தேன். வறுமை ஒன்றும் இல்லை, கொழுப்புதான். ஒருநாள் போலீஸ் துரத்த, தப்பி ஓடி எண்ணூரில் ஒரு நண்பன் வீட்டில் பதுங்கினேன். நான் கிடைக்காததால் அவர்கள் மாமாவைக் கூட்டிப்போய்விட்டார்கள். அன்று மாலையே நண்பன் வந்து, "ஒங்க மாமாவ ஸ்டேஷன்ல குந்த வச்சிகீறாங்கடா. நீ வந்தாதான் வுடுவாங்களாம்" என்றான். தெரிந்த பிறகும் நான் இரண்டு நாள் போகவில்லை. நான் சொல்லவேண்டியது இதுதான். பயம் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு நாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மூன்றாம் நாள் போனேன். மாமா பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இன்னாத்துக்குடா தனியா வந்த? ஒரு வக்கீல இட்டுகினு வரக்கூடாதா?" என்று கடிந்துகொண்டார். எழுந்து நடந்தபோது வலது காலை இழுத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "யாரும் கை வெக்கல. குந்திகினே இருந்ததுல மரத்துப்போச்சு" என்றார். அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. மாடிப்படியில் செருப்பு தேயும் சத்தத்தை வைத்தே அவர் வருவது எங்களுக்குத் தெரியும்.

நான் சிறையில் இருந்தபோது யார்டுக்குள் நுழைய அவர் வைத்திருந்த கேட் பாஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதே விலாசத்தில் வழக்குள்ள ஆள் இருக்கிறானாம். "கேஸ் பேப்பர்ல அவன் பேரு கீது சார். என் பேரு எங்க கீது, காட்டுங்க" என்று யார்டு அதிகாரியைக் கேட்டிருக்கிறார். "கார்டுலேருந்து அந்தப் பையன எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றாராம் அவர். அக்கா பெயர் நீக்கும் படிவத்தை வாங்கி, என் பெயரை எழுதி, கையெழுத்துக்காக அழுதபடி நீட்டியிருக்கிறாள். மாமா அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்.

"பேர எட்த்துட்டா, வெளிய வந்து அவன் எந்த வூட்டுக்குப் போவான்?"

அதன்பின் அவர் கிரேன் ஏறவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாக இருந்தே காலத்தை ஓட்டினார்.

செய்தவனுக்குச் சட்டம் தண்டனை கொடுத்தது, அனுபவித்தேன், முடிந்தது. மாமாவின் தண்டனைக்குத் தீர்ப்பும் இல்லை, முடிகிற தேதியும் இல்லை. ஒருமுறை இதை அவரிடமே சொன்னேன். "பேஜாரு பண்ணாத. டீ சொல்லு" என்றார்.

நேற்று அக்கா இறப்புச் சான்றிதழையும் கார்டையும் கொடுத்து, மாமா பெயரை நீக்கிவரச் சொன்னாள். இ-சேவை மையத்தில் இருந்த பெண், "யாரு பேரு எடுக்கணும்?" என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே, "எப்ப எறந்தாரு?" என்றாள். அப்போதுதான் என் பெயரைச் சொல்லிவிட்டது உறைத்தது. பிறகு சான்றிதழை நீட்டி, சவரிமுத்து என்றேன்.

திரும்பிவந்து படியேறும்போது பின்னால் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். யாரும் வரவில்லை. வீட்டில் பீரோ ஆடாமல் நிற்கிறது. அதன் காலடியில் என் பெயர் எழுதிய காகிதம், கையெழுத்தில்லாமல்.

நீங்கள் போய் வாருங்கள், மாமா. நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்.